பேஸ்மென்டில் ஊறும் தண்ணீர்: எத்தனை எச்.பி. என்பது கடைசிக் கேள்வி

கேள்வி: எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் வருகிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் முதலில் ஈரம் தெரியும். அப்புறம் தரை முழுக்கப் பரவி நிற்கும். மழை விட்ட மறுநாள்கூட ஊறிக்கொண்டே இருக்கிறது. சுவருக்கு இரண்டு முறை வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தோம், இரண்டு முறையும் உரிந்துவிட்டது. ஒரு மூலையில் குழி தோண்டி 1 எச்.பி. பம்ப் வைத்தால் போதும், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு ஒப்பந்ததாரர். நம்பி இறங்கலாமா? 1 எச்.பி. போதுமா? அந்தத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயிலேயே இணைத்துவிடலாமா? மழை வரும்போதுதான் கரண்டும் போகிறது, அதற்கு என்ன வழி? வெயில் காலத்திலும் சுவர் ஈரமாக இருக்கிறதே, அதுவும் இதனால்தானா? மறுபடி பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு பம்ப் தேவைப்படும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அதில் ஒப்பந்ததாரரோடு சண்டை இல்லை. அவர் எச்.பி.யில் ஆரம்பிக்கிறாரே, அதுதான் எனக்கு உடன்பாடில்லை. பம்ப் தன் காலடிக்கு வந்த தண்ணீரைத்தான் வெளியே தள்ளும். தரைக்கு அடியில் எங்கோ தேங்கி நிற்பதைத் தேடிப் போய் இழுத்து வராது. குழிக்குத் தண்ணீர் வர வழி செய்யாமல் 1 எச்.பி. என்ன, 5 எச்.பி. வைத்தாலும் இந்த மூலையில் மோட்டார் சும்மா கிடக்கும், அந்த மூலையில் தரை நனைந்துகொண்டிருக்கும்.

ஆகவே முதலில் இது எந்தத் தண்ணீர் என்று பார்த்துவிடுவோம். மழை பெய்யும்போது மட்டும், சுவரின் மேல்பாதியிலோ ஜன்னல் ஓரத்திலோ வழிந்து, மழை விட்டதும் நின்றுபோனால் அது வெளியே நிலத்தின் மேல் ஓடிவரும் தண்ணீர். அதற்கு பம்பே வேண்டாம், வெளியில் வேலை செய்தால் போதும். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரே அளவாகக் கசிந்தால் குழாய் உடைப்பைச் சந்தேகப்படுங்கள். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் விஷயம் தெரிந்துவிடும். உங்களுக்கு மழை விட்ட மறுநாளும், அதுவும் கீழே, சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஊறுகிறது. நிலத்தடி நீர்மட்டம் பேஸ்மென்ட் தரையின் மட்டத்துக்கு மேல் ஏறி நிற்பதன் அடையாளம் அது.

ஏறி நிற்கும் தண்ணீர் சும்மா நிற்காது, தள்ளும். தரையின் அடிமட்டத்தைவிட 30 செ.மீ. உயரத்துக்கு வெளியே தண்ணீர் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் சுமார் 300 கிலோ விசை கீழிருந்து மேலே தள்ளுகிறது. 4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை என்றால் மொத்தம் 6 டன். சுவரிலும் இதே கதைதான். ஆழம் போகப் போக அழுத்தம் கூடும். உள்பக்கம் அடித்த பெயின்ட் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் ஒட்டுதலால். பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும்போது அது கொப்பளித்து உரியாமல் என்ன செய்யும்? உரிந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுவருக்குள் தண்ணீர் பயணம் செய்து வந்திருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

குழி தோண்டும் முன், நிலத்தடி நீரே காரணம் என்றாலும்கூட, மொட்டை மாடியிலிருந்தோ கூரையிலிருந்தோ வரும் மழைநீர் எங்கே விழுகிறது என்று ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் தண்ணீர். அது அத்தனையும் மழைநீர் பைப் வழியாக இறங்கிச் சுவரின் காலடியிலேயே கொட்டினால், அடுத்து அது போகும் இடம் உங்கள் பேஸ்மென்ட்தான். பைப்பின் வாயை வீட்டிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளிக் கொண்டுபோங்கள். வீட்டை ஒட்டிய மண் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால், முதல் 3 மீட்டருக்குள் 15 செ.மீ. இறங்கும்படி வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்து மண் நிரப்புங்கள். செலவு குறைவு, வேலையும் எளிது, ஆனாலும் இதைத்தான் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். இதை முடித்துவிட்டு ஒரு பெருமழையைப் பாருங்கள். தண்ணீர் அறவே நின்றுவிட்டால் பம்ப் செலவு மிச்சம். நிற்காவிட்டாலும் சுமை ஓரளவு குறைந்திருக்கும்.

சரி, அப்படியும் ஊறுகிறது. இப்போது குழிக்கு வருவோம்.

தரையை உடைக்கும் முன் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உங்கள் பேஸ்மென்ட் தரை வெறும் தளக் கான்கிரீட்டா, இல்லை வீட்டின் பாரத்தையே தாங்கும் ராஃப்ட் அஸ்திவாரமா என்று வரைபடத்தைப் பார்த்தோ கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டோ தெரிந்துகொள்ளுங்கள். சுவர்களுக்குத் தனியாக ஃபுட்டிங் (சுவரின் பாரத்தை மண்ணுக்கு இறக்கும் அகலமான அடித்தளம்) இருந்து, நடுவில் 10 செ.மீ. தளம் மட்டும் போட்டிருந்தால் வெட்டலாம். ராஃப்ட் என்றால் அதன் கம்பிகளில் கை வைக்கவே கூடாது. அந்த மாதிரி வீடுகளில் தளத்துக்கு மேலேயே சுவரோரமாக ஆழம் குறைந்த வாய்க்கால் எடுப்பது, அல்லது வீட்டுக்கு வெளியே குழி இறக்கி அங்கிருந்து இறைப்பது என்று வேறு வழி பார்க்க வேண்டும். ஒரே நாளில் முடிப்பதாகச் சொல்பவர் இதைக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

மூலையில் தோண்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூலை என்பது இரண்டு சுவர்களின் ஃபுட்டிங் சந்திக்கும் இடம். ஃபுட்டிங்குக்குப் பக்கத்தில் அதைவிட ஆழமாகத் தோண்டினால் அதைத் தாங்கும் மண்ணே சரிந்துவிடும். மனதில் வைக்க ஒரு கணக்கு: ஃபுட்டிங்கின் அடிமட்டத்தைவிடக் குழி எத்தனை செ.மீ. ஆழம் போகிறதோ, குறைந்தது அத்தனை செ.மீ. தூரமாவது ஃபுட்டிங் விளிம்பிலிருந்து குழி தள்ளி இருக்க வேண்டும். 40 செ.மீ. கீழே போனால் 40 செ.மீ. தள்ளி. தளர்ந்த மணல் என்றால் இன்னும் தாராளமாக. தளத்துக்கு அடியில் கழிவுநீர்க் குழாயோ மின்கேபிளோ ஓடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழி தோண்டியதும் உள்ளே என்ன தெரிகிறது என்பதில்தான் மீதி வேலை இருக்கிறது. தளத்துக்கு அடியில் ஜல்லிப் படுகை இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. தண்ணீர் அந்த ஜல்லிக்குள் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடி வந்துவிடும், ஒரு குழியே வீடு முழுவதுக்கும் போதும். வெறும் களிமண் தெரிந்தால் குழி மட்டும் பயன்படாது. அப்போது சுவர்களை ஒட்டி உள்பக்கமாகத் தரையை ஓர் அடி அகலத்துக்கு வெட்டி, 10 செ.மீ. விட்டமுள்ள, துளையிட்ட குழாயைச் சுற்றிலும் பதித்து, ஜல்லி நிரப்பி, மண் புகாமல் வடிதுணி சுற்றி, குழியை நோக்கி வாட்டம் கொடுத்து இணைக்க வேண்டும். துளைகள் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கட்டும். இந்தக் குழாயும் ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. இது ஒரு நாள் வேலை இல்லை, செலவும் பம்பைவிடப் பல மடங்கு. தேவையா என்று சந்தேகம் இருந்தால் குழியில் தற்காலிகமாக ஒரு பம்பை இறக்கி வைத்துவிட்டு அடுத்த மழையில் எதிர்மூலையைக் கவனியுங்கள். அங்கே காய்ந்திருந்தால் சுற்று வாய்க்கால் வேண்டாம். நனைந்தால் வேண்டும். யாருடைய யூகத்தையும்விட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

குழியின் விட்டம் 60 செ.மீ., ஆழம் 75 செ.மீ. கிடைத்தால் நல்லது. 45 செ.மீ. விட்டத்திலும் வைக்கிறார்கள், ஆனால் பெரிய குழி பம்புக்கு ஆயுள் கொடுக்கும். காரணம் கீழே வருகிறது. பக்கங்களில் துளையிட்ட பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி, வெளியே வடிதுணியும் ஜல்லியும் நிரப்புங்கள். பம்பை நேராக ஜல்லி மேலோ மண் மேலோ உட்கார வைக்காமல் ஒரு தட்டையான கான்கிரீட் கட்டை மேல் வையுங்கள். குழிக்கு ஆள் ஏறி நின்றாலும் தாங்கும் மூடி கட்டாயம் வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் அதைத் திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பம்ப் ஓட ஆரம்பித்த முதல் சில நாட்கள் கலங்கல் வருவது சகஜம். அதற்குப் பிறகும் சேறாகவே வந்தால் பம்ப் தண்ணீரை மட்டும் இறைக்கவில்லை, தளத்துக்கு அடியில் இருக்கும் மண்ணையும் சேர்த்து இறைக்கிறது. நாளடைவில் தளம் வெற்றிடத்தின் மேல் நிற்கும். உடனே நிறுத்தி வடிதுணியையும் ஜல்லியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது எச்.பி.க்கு வருவோம். குழி தயாரானதும் ஒரு பெருமழையின்போது அந்தத் தற்காலிக பம்பை நிறுத்திவிட்டுக் குழிக்குள் தண்ணீர் நிமிடத்துக்கு எத்தனை செ.மீ. ஏறுகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். 60 செ.மீ. விட்டக் குழியில் ஒவ்வொரு செ.மீ.யும் 2.8 லிட்டர். நிமிடத்துக்கு 10 செ.மீ. ஏறினால் வரத்து 28 லிட்டர். இதைவிட மோசமான மழையும் வரும் என்பதால் இரண்டு மடங்காக, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் தள்ளுகிற பம்பாக எடுங்கள். எந்த உயரத்துக்கு? குழியின் நீர்மட்டத்திலிருந்து குழாய் போகும் உச்சி வரை எத்தனை மீட்டரோ, அந்த உயரத்துக்கு. நீளமான குழாயும் நிறைய வளைவுகளும் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடையில் பெட்டி மேல் பெரிய எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும், அதிகபட்ச அளவு, அதிகபட்ச உயரம் என்று. இரண்டும் உண்மைதான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்காது. அதிகபட்ச அளவு என்பது உயரமே இல்லாதபோது கிடைப்பது. அதிகபட்ச உயரத்தில் ஒரு சொட்டும் வெளியே வராது. பெட்டிக்குள் இருக்கும் அட்டவணையில் உங்கள் உயரத்துக்கு நேரே என்ன இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். 3 மீட்டர் உயரத்துக்கு ஒரு நல்ல 1/3 எச்.பி. பம்பே நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் தள்ளும்.

அப்படியானால் 1 எச்.பி. வைத்தால் இன்னும் பாதுகாப்புதானே என்று கேட்பீர்கள். இல்லை. தண்ணீரோடு ஏறி இறங்கி பம்பைத் தானாக இயக்கி நிறுத்தும் மிதவை சுவிட்ச் ஆன் ஆகும் மட்டத்துக்கும் ஆஃப் ஆகும் மட்டத்துக்கும் 25 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். 60 செ.மீ. குழியில் அது 70 லிட்டர். 100 லிட்டர் தள்ளும் பம்ப், உள்ளே வருகிற 28 லிட்டரையும் சமாளித்து, அதைக் காலி செய்ய ஒரு நிமிடம் எடுக்கும். 250 லிட்டர் தள்ளும் பம்ப் 20 விநாடியில் முடித்துவிட்டு நின்றுவிடும், இரண்டரை நிமிடத்தில் மறுபடி கிளம்பும், இரவெல்லாம் இப்படியே. மோட்டாருக்கு ஓடுவதைவிடக் கிளம்புவதுதான் கஷ்டம். அடிக்கடி ஆன் ஆகி ஆஃப் ஆகும் மோட்டார் சீக்கிரம் போய்விடும். குழி பெரிதாக இருக்கட்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

வகையைப் பொறுத்தவரை நீரில் மூழ்கியிருக்கும் சப்மெர்சிபிள் வடிகால் பம்ப் வாங்குங்கள். சத்தம் குறைவு, குழியையும் மூடி வைக்கலாம். தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் இதற்கு ஒத்து வராது, சிறு கல்லும் மண்ணும் வந்தால் திணறிவிடும். முதலில் பழுதாகும் பாகம் பெரும்பாலும் மோட்டார் இல்லை, மிதவை சுவிட்ச். வயரில் தொங்கி ஆடும் மிதவைக்கு இடம் தேவை. குறுகிய குழியில் அது பக்கச் சுவரில் சிக்கிக்கொள்ளும். அங்கே நேர்க்கோட்டில் ஏறி இறங்கும் மிதவை நல்லது. பம்பைத் தூக்கும்போது மிதவை வயரையோ கரண்ட் வயரையோ பிடித்துத் தூக்க விடாதீர்கள்.

பம்பின் வாய் ஒன்றரை அங்குலம் என்றால் குழாயும் கடைசி வரை ஒன்றரை அங்குலம். நடுவில் சிறிதாக்கினால் போட்ட கணக்கெல்லாம் வீண். குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் குழாயில் இருக்கும் தண்ணீர் அத்தனையும் குழிக்கே திரும்பிவரும். அந்த வால்வுக்கும் பம்புக்கும் நடுவே, குழிக்குள் இருக்கும் குழாய்ப் பகுதியில், 3 மி.மீ. துளை ஒன்று போடச் சொல்லுங்கள். பம்ப் ஓடும்போது அதில் கொஞ்சம் பீய்ச்சும், பதற வேண்டாம். அது இல்லாவிட்டால் பம்பின் வயிற்றில் காற்று அடைத்துக்கொண்டு, மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாத நிலை வரும். சில பம்புகளில் துளை ஏற்கெனவே இருக்கும், கூடவே வரும் தாளைப் பாருங்கள். வால்வுக்குப் பக்கத்தில் திருகிக் கழற்றக்கூடிய இணைப்பான யூனியன் ஒன்று போட்டுவிட்டால், பின்னால் பம்பைக் கழற்றக் குழாயை அறுக்க வேண்டியிருக்காது.

கழிவுநீர்க் குழாயில் இணைக்கலாமா என்றால், வேண்டாம். பல இடங்களில் சட்டமே அதைத் தடுக்கிறது. அதோடு பெருமழையில் அந்தக் குழாய்களே நிரம்பித் திணறும். நீங்கள் தள்ளும் தண்ணீர் சாக்கடையாகத் திரும்பி உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தாலும் ஆச்சரியமில்லை. மழைநீர் வடிகாலில் விட உள்ளாட்சி அனுமதித்தால் விடுங்கள். இல்லையென்றால் உங்கள் மனைக்குள்ளேயே, வீட்டிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத தூரத்தில், வெளிப்புறம் சரியும் நிலத்தில் விடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு வம்பை வாங்காதீர்கள். சுவரோரமாகவே விட்டால் அதே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மறுபடி குழிக்கு வரும், ஒரே தண்ணீரை நாள் முழுக்க இறைத்துக்கொண்டிருப்பீர்கள். உறைபனி விழும் ஊர் என்றால் வெளிக்குழாயில் தண்ணீர் தேங்காமல் முழுக்க வடியும்படி வாட்டம் இருக்கட்டும்; உறைந்து அடைத்தால் பம்ப் இருந்தும் பயனில்லை.

கரண்டைப் பற்றி நீங்கள் கேட்டது கடிதத்திலேயே மிக நல்ல கேள்வி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1/3 எச்.பி. பம்ப் ஓடும்போது சுமார் 600 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 1,200 வாட்-அவர் இருக்கும். லெட்-ஆசிட் வகையில் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி கெடும். ஆக 600. இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகும். விடாமல் ஓடினால் ஒரு மணி நேரம்கூட வராது. மணிக்கு 10 நிமிடம் மட்டும் ஓடுகிற நிலை என்றால் ஏறக்குறைய 5 மணி நேரம் தாங்கும். உங்கள் பகுதியில் கரண்ட் எத்தனை நேரம் போகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதற்கேற்ப பேட்டரியைக் கூட்டுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும், அதைத் தாங்கும் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். என் விருப்பம் வேறு: பேட்டரியில் நேரடியாக ஓடும் இரண்டாவது சிறிய பம்பை, முதல் பம்பின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, தனி மிதவையும் தனி வால்வும் வைத்துப் பொருத்துவது. கரண்ட் போனாலும் சரி, முதல் பம்ப் மக்கர் செய்தாலும் சரி, இது கைகொடுக்கும். கூடவே தண்ணீர் ஏறினால் கத்தும் அலாரம் ஒன்று.

பம்புக்குத் தனி மின்இணைப்பு, அதில் ஆர்.சி.சி.பி. என்கிற மின்கசிவுத் தடுப்பு பிரேக்கர், தரையிலிருந்து நல்ல உயரத்தில் பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். பிளக் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால், உலர்ந்த இடத்திலிருந்து மெயினை அணைக்காமல் யாரும் உள்ளே கால் வைக்க வேண்டாம். பம்ப் வைப்பதற்குள் ஒரு மழையில் பேஸ்மென்ட் இடுப்பளவு நிரம்பிவிட்டால் அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே மண் ஊறி அழுத்திக்கொண்டிருக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அப்போதைக்குச் சுவருக்கு எதிர்த்தாங்கல். ஓர் அடி இறைத்து, மட்டத்தைக் குறித்துவைத்து, மறுநாள் பார்த்துவிட்டு அடுத்த அடி.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மழைக்காலம் தொடங்கும் முன்பும் ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றி பம்ப் கிளம்புகிறதா, ஊற்றிய தண்ணீர் வெளியே போய் விழுகிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை குழியைச் சுத்தம் செய்யுங்கள். பத்து வருடம் ஓடிய பம்ப் நன்றாகவே ஓடினாலும் மாற்றிவிடுவது நல்லது.

வெயில் காலத்து ஈரம் அநேகமாக வேறு சங்கதி. ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்கு பம்ப் எதுவும் செய்யாது. வெளியே புழுக்கமாக இருக்கும் நாளில் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தால் ஈரம் கூடத்தான் செய்யும். மூடி வைத்து ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரை ஓட விடுங்கள். தாளின் உள்பக்கம், சுவரை ஒட்டி நனைந்திருந்தால் மட்டும் அது மண்ணிலிருந்து வருவது.

பெயின்ட் இப்போதைக்கு வேண்டாம். சுற்று வாய்க்காலும் பம்பும் வேலை செய்து, ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவர் உலர்ந்தே இருந்தால், உப்பையும் பழைய பூச்சையும் சுரண்டிவிட்டு அழகுக்கு அடித்துக்கொள்ளுங்கள். அதற்குச் சாதாரண பெயின்டே போதும்.